கொழுப்பு சுமக்கும் செய்தியும் புற்றுநோயும்

செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் கொழுப்பு வேலியாக மட்டும் நிற்பதில்லை. அதில் ஒரு சிறு பகுதி செய்தியும் சுமக்கிறது. இன்சுலினோ வளர்ச்சிக் காரணியோ வெளியிலிருந்து வந்து தொட்டதும், சவ்வின் உட்பக்கத்தில் பிஐ3 கைனேஸ் என்ற நொதி வேலை தொடங்குகிறது. பிப்2 என்ற கொழுப்பு மூலக்கூறில் இன்னொரு பாஸ்பேட்டைச் சேர்த்து அதைப் பிப்3 ஆக்குகிறது. பிப்3 உண்டான இடத்தில் ஏகேடி என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்ள, சர்க்கரையை உள்ளே இழு, புரதம் செய், பெருகு, சாகாதே என்ற கட்டளைகள் செல்லெங்கும் போகின்றன. வேலை முடிந்ததும் பிடென் என்ற மற்றொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும்.

பிஐ3 கைனேஸை 1980களில் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் கான்ட்லியின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. பிடென் மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது; பல புற்றுக் கட்டிகளில் அது அழிந்தோ பழுதாகியோ கிடக்கிறது. பிஐ3 கைனேஸின் ஆல்ஃபா வடிவத்துக்கான மரபணு புற்றுநோய்களில் அடிக்கடி மாறிப்போயிருப்பதை 2004இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் இந்த மாற்றம் உண்டு. அதனால் தூண்டுதல் வராமலே பிப்3 உருவாகிக்கொண்டிருக்கும்.

இந்த மாற்றமுள்ள முற்றிய மார்பகப் புற்றுக்கு, பிஐ3 கைனேஸின் ஆல்ஃபா வடிவத்தை அடைக்கும் அல்பெலிசிப் என்ற மாத்திரை 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஹார்மோன் மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மோசமடையாமல் இருந்த இடைக்காலம் 5.7 மாதம், அல்பெலிசிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 11 மாதம். நோயாளிக்கு இது சிறிய ஆதாயமல்ல.

ஆனால் இன்சுலினும் இதே நொதியின் வழியாகத்தான் பேசுகிறது. மருந்து அதை அடைக்கும்போது கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, தசை அதை எடுக்க மறுக்கிறது. மருந்து எடுத்தவர்களில் பாதிப்பேருக்கும் மேல் இரத்தச் சர்க்கரை ஏறியது. கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்க, அது கட்டியில் அடைபட்ட பாதையையே மறுபடி தூண்டிவிடுகிறது. இத்தகைய மருந்துகள் எதிர்பார்த்த அளவு பலிக்காததற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவோடு இத்தகைய மருந்து கொடுத்தபோது எலிகளில் கட்டிகள் நன்றாக ஒடுங்கியதாக 2018இல் கான்ட்லியின் குழு வெளியிட்டது. மருந்தில்லாமல் அந்த உணவை மட்டும் கொடுத்தபோது, இரத்தப் புற்றுள்ள எலிகளில் நோய் வேகமெடுத்தது. ஆகவே புற்றுநோயாளி மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய உணவுமுறையில் இறங்குவது ஆபத்து. மருந்துப் பக்கத்தில், 2024இல் அனுமதி பெற்ற இனாவோலிசிப், ஆல்ஃபா வடிவத்தைக் குறிவைத்து அடைப்பதோடு, மாறிப்போன நொதியைச் சிதைக்கவும் தூண்டுகிறது. அதை எடுப்பவர்களுக்கும் சர்க்கரைக் கண்காணிப்பு கட்டாயம்.