துணையாட்டக்காரரும் முன்கூட்டிய ஒப்பந்தமும்



கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பந்தைக் கூடையில் இடுவோரைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றனர். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் கதை. எதிரியின் தலைசிறந்த ஆட்டக்காரரை மறித்து நிற்பவர், தவறிய பந்தைத் தரையில் விழுந்து பற்றுபவர், பத்து நிமிடம் ஆடினாலும் அப்பத்து நிமிடத்தில் குழு பின்தங்காமல் காப்பவர் ஆகிய இவர்களைத் துணையாட்டக்காரர் எனலாம். இத்தகைய ஒருவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கும்போதே அதை நீட்டித்துவிடுவது நன்றா? அல்லது முடியும் வரை பொறுத்திருந்து பார்ப்பது நன்றா?

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தில் 30 குழுக்கள் உள்ளன. அங்கு எழும் இக்கேள்வி வெறும் சிக்கனக் கணக்கன்று. காரணம், அக்கழகத்தின் விதிகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு குழுவின் மொத்தச் சம்பளத்திற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2024–25ஆம் பருவத்தில் அது 14 கோடி டாலருக்குச் சற்று மேல். நல்ல குழுக்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வரம்பைத் தாண்டி நிற்பவை. தாண்டிய குழு, தன்னிடம் சில ஆண்டுகள் ஆடிய ஒருவரை வைத்துக்கொள்ள மேலும் செலவிடலாம். அதற்கு விதி இடங்கொடுக்கிறது. ஆனால் அவர் போய்விட்டால், அவருக்குக் கொடுத்துவந்த தொகையை எடுத்து அதே தரமுள்ள வெளியாள் ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது. ஆளும் போகிறார், இடமும் போகிறது. வாடகை வீட்டைக் காலி செய்தால் வேறு வீடு தேடலாம். இங்கோ வீட்டோடு வாடகைப் பணமும் மறைந்துவிடுகிறது!

இதை விளக்க அலெக்ஸ் கருசோ என்பவரின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 2016இல் புது ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுத்தபோது எந்தக் குழுவும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓக்லஹோமா சிட்டியின் கீழ்நிலைக் குழுவில் சிறு ஊதியத்திற்கு ஆடினார். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸில் இடம்பெற்றார். 2020இல் அக்குழு வெற்றிக் கோப்பையைக் கைப்பற்றிய கடைசி ஆட்டத்தில், தொடக்கத்திலேயே களமிறங்கிய ஐவருள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. சிகாகோ புல்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் டாலர் தர முன்வந்தது; லேக்கர்ஸ் அவரைப் போக விட்டது. வரிச்சுமைக்கு அஞ்சியே விட்டார்கள் என்று அந்நாளில் ஏடுகள் எழுதின. வரம்பை மிகவும் மீறிய குழு தண்டவரி கட்ட வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவர் விட்டுச்சென்ற இடத்தை அத்தொகைக்கு வேறொருவரைக் கொண்டு நிரப்ப வழியில்லாமல் போயிற்று. சிகாகோவில் அவர் 2023இல் கழகத்தின் தலைசிறந்த தற்காப்பாளர் ஐவருள் ஒருவராகத் தேர்வானார்.

2024 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழு அவரைப் பெற்றது. அவருக்கு மாற்றாக அது கொடுத்தது, 2021இல் ஆறாவதாகத் தெரிந்தெடுத்த ஜோஷ் கிடி என்னும் இளைஞரை. கருசோவுக்கு அப்போது வயது முப்பது. ஒப்பந்தத்தில் எஞ்சியது ஒரே பருவம். தண்டர் காத்திருக்கவில்லை. மாற்றம் நிகழ்ந்து ஆறு மாதம் கழிந்தால்தான் பெரிய தொகைக்கு நீட்டிக்கலாம் என்பது விதி. அந்த ஆறு மாதம் முடிந்த டிசம்பரிலேயே, நான்கு ஆண்டுகளுக்கு 8 கோடியே 10 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டார்கள். ஆட்டத்திற்குச் சராசரி ஏழு புள்ளி எடுப்பவருக்கு இத்தனை பணமா என்று கேட்கத் தோன்றும்.

விடை 2025 மே மாதம் கிடைத்தது. டென்வர் நகெட்ஸுடன் ஏழாவது ஆட்டம். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எதிரில் நிக்கோலா யோக்கிச், மும்முறை கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், ஆறடி பதினோரங்குல உயரத்தினர். அவரை மறிக்கப் பயிற்சியாளர் அனுப்பியவர் யார்? ஆறடி ஐந்தங்குலக் கருசோ! முன்னே நின்று, பந்து அவர் கைக்கு வரும் வழியையே அடைத்து, தள்ளுமுள்ளில் சளைக்காமல் நின்றார். தண்டர் 125–93 என வென்றது. அடுத்த மாதம் இந்தியானா பேசர்ஸை ஏழு ஆட்டங்களில் வென்று கோப்பையையும் பெற்றது. அந்த இறுதித் தொடரில் இரண்டு ஆட்டங்களில் கருசோ இருபது புள்ளிகள் வீதம் எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே முன்கூட்டியே ஒப்பந்தம் செய்வது எப்போதும் சரி என்று கூறிவிடலாமா? ஜோர்டன் பூல் விவகாரம் தடுக்கிறது. 2022இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோப்பையை வெல்ல உதவிய இளைஞர் அவர். அவ்வாண்டு அக்டோபரில் நான்கு ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் வரை பெறத்தக்க நீட்டிப்பு அவருக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவர் ஆட்டம் சோர்ந்தது. புதிய ஒப்பந்தத்தின்படி ஓர் ஆட்டமேனும் அங்கு ஆடுமுன், 2023 ஜூலையில் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். என் கருத்தில், அங்கே நேர்ந்த பிழை முன்கூட்டிச் செய்ததன்று. அவர் செய்துகாட்டிய வேலைக்கு விலை பேசாமல், அவர் நட்சத்திரமாகிவிடுவார் என்ற எதிர்பார்ப்புக்கு விலை பேசினார்கள்.

ஆட்டக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முழங்காலில் ஒரு காயம் போதும், வாழ்நாள் ஊதியம் நழுவிவிடும். ஆதலால் இன்றைய உறுதிக்காக நாளைய இலாபத்தைச் சிலர் விட்டுக்கொடுக்கிறார்கள். ஜிம்மி பட்லர் விட்டுக்கொடுக்கவில்லை. 2014இல் சிகாகோ தந்த நீட்டிப்பை மறுத்தார். அப்பருவத்தில் மிக முன்னேறிய ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். 2015இல் ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலருக்கு மேல் பெற்றார். டென்னிஸ் ஷ்ரோடரும் 2021இல் லேக்கர்ஸின் நீட்டிப்பை ஏற்கவில்லை. அது 8 கோடி டாலருக்கு மேற்பட்டது என்று ஏடுகள் கூறின. அந்தக் கோடையில் பாஸ்டனில் ஓராண்டுக்குச் சுமார் 59 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். துணிவு இருவருக்கும் ஒன்றே, சந்தைதான் வேறு.

என்னைக் கேட்டால், குழு முந்திக்கொள்ள வேண்டிய தருணத்திற்குப் பேட்டன் பிரிட்சர்ட் நல்ல எடுத்துக்காட்டு. 2022–23இல் அவர் பாஸ்டன் செல்டிக்ஸில் 48 ஆட்டங்களில்தான் ஆடினார். ஆட்டத்திற்குச் சராசரி பதின்மூன்று நிமிடம். அவரைக் களத்திலேயே காணோம், அவருக்கு என்ன நீட்டிப்பு என்று பிறர் எண்ணியிருப்பார்கள். அவரை அன்றாடப் பயிற்சியில் கண்டவர்களோ 2023 அக்டோபரில் நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடி டாலர் என ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2024இல் பாஸ்டன் கோப்பையை வென்றது. 2025இல் சிறந்த ஆறாம் ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. வெளியார் புள்ளிக் கணக்கைப் பார்க்கிறார்கள். சொந்தக் குழுவோ ஆளைப் பார்க்கிறது. அந்த அறிவுக்கு விலையுள்ள காலம் சந்தை விழித்துக்கொள்வதற்கு முந்திய காலமே. 2025 கோடையில் அதே பாஸ்டன், சம்பளச் சுமை தாங்காமல் ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் இருவரையும் பிற குழுக்களுக்கு மாற்ற நேர்ந்தது. மலிவான ஒப்பந்தத்தில் இருந்த பிரிட்சர்ட் தங்கினார்.

கருசோவின் கணக்கு மட்டும் அத்தனை எளிதன்று. அவருடைய புதிய ஒப்பந்தம் 2028–29 பருவம் வரை செல்கிறது. அப்பருவம் முடியுமுன் அவருக்கு முப்பத்தைந்து வயது நிறைந்துவிடும். தரையில் விழுந்து பந்தைப் பற்றும் ஆட்டம் உடலை விரைவில் தேய்க்கும் ஆட்டம். அதே ஆண்டுகளில் ஷை கில்ஜியஸ் அலெக்சாண்டர் முதலிய மூன்று இளம் நட்சத்திரங்களின் பெருஞ்சம்பளமும் தண்டரின் தலைமேல் ஏறும். 2025இன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளின் தொகையை அதற்குக் கொடுத்த விலையாக எழுதிக்கொள்ளக் குழுவினர் அன்றே இசைந்துவிட்டனர் என்றுதான் நான் கருதுகிறேன்.