மயிர் உதிர்வது யார் குற்றம்?

(கருவடிக்குப்பம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் தலைமயிரைப் பற்றியது. "இதற்கொரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் மயிர் கொத்துக் கொத்தாய்ச் சீப்போடு வருகிறதென்றால் அந்த வீட்டில் நடப்பது சிரிக்கத்தக்கதல்ல. மாமியார் "இவள் வந்த வேளை" என்கிறாள். பக்கத்து வீட்டார் கண்ணேறு என்கிறார்கள். ஜோசியர் கிரகதோஷம் என்று பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறார். எண்ணெய் வியாபாரி ஒரு புட்டியைக் காட்டி நாற்பது நாள் கெடு வைக்கிறார். இத்தனை பேரில் ஒருவராவது அவளுடைய கழுத்தைப் பார்த்தாரா என்று கேட்கிறோம்.

கழுத்துக்கும் மயிருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. உடலின் சூடு, நெஞ்சின் துடிப்பு, உணவு செரிக்கும் வேகம் எல்லாம் அதன் நீரைப் பொறுத்தவை. மயிரின் வேரும் அப்படியே. நம் தலையில் சுமார் 1 லட்சம் மயிர்கள் உண்டு. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. சுரப்பு குறைந்தால் பல மயிர்கள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்திக் கொண்டு, 2, 3 மாதம் கழித்து உதிருகின்றன. காரணம் முன்னே, உதிர்வு பின்னே. இது தெரியாததால்தான் நேற்று மாற்றிய எண்ணெயின் மேலும், முந்தாநாள் வந்துபோன விருந்தாளியின் கண்ணின் மேலும் பழி விழுகிறது.

சுரப்பு குறைந்தவருக்கு மயிர் வறண்டு முரடாகும். புருவத்தின் வெளிமுனை தேயலாம். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவையும் சேரும். அப்படிப்பட்டவளைத்தான் நாம் "சோம்பேறி" என்று ஏசுகிறோம்! சுரப்பு மிகுந்தாலும் மயிர் மெலிந்து உதிரும். அப்போது படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, உடல் இளைத்தல் காணும். இந்நோய் ஆண்களுக்கும் வரும். பெண்களுக்குப் பன்மடங்கு அதிகம்.

மொட்டையடித்தால் அடர்த்தியாய் முளைக்கும் என்பாரும் உண்டு. கத்தி வெட்டுவது வெளியிலுள்ள உயிரற்ற மயிரை. தோலுக்குள்ளிருக்கும் வேருக்கு அது தெரியவே தெரியாது.

"கடலோரத்தில் வாழ்கிறோம், மரக்காணத்து உப்பைத் தின்கிறோம், நமக்கு அயோடின் குறைவு ஏது?" என்று கேட்கலாம். கடலுப்பில் இயற்கையாய் இருக்கும் அயோடின் மிகச் சொற்பம், சேர்த்தால்தான் உண்டு. இதைச் சோதித்தே அறிந்தார்கள். 1956இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசாமியும் அவர் கூட்டத்தாரும் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் கழுத்துக் கழலை வெகுவாய்க் குறைந்தது. திருஷ்டிப் பூசணிக்காயை யாராவது இப்படி ஒப்பிட்டுச் சோதித்ததுண்டா?

ஆனால் உப்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நாம் சொல்லவில்லை. இன்று பலருக்கும் சுரப்பு குறைவது, உடம்பின் தற்காப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். அதை உப்பைக் கூட்டித் தின்று தீர்க்க முடியாது. அதுபோல, உதிரும் மயிரெல்லாம் தைராய்டு கோளாறினால் உதிர்வதும் அல்ல. இரும்புச்சத்துக் குறைவு, பிரசவம், கடுங்காய்ச்சல், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. எது காரணம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை தைராய்டின் நிலையைச் சொல்லிவிடும். மயிருக்கென்று பயோட்டின் மாத்திரை தின்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது பரிசோதனைக் கணக்கைப் பொய்யாக்கக் கூடும்.

குறைவு என்று கண்டால், தைராக்ஸின் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே பலன் தெரியப் பல மாதம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று மாத்திரையை வீசிவிட்டுப் புட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

தோழர்களே! 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுவையில் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் ஆஸ்பத்திரி இங்கிருந்து சில மைலில் கோரிமேட்டில் இருக்கிறது. பரிகாரத்துக்குப் போகும் தூரத்தைவிட அது அதிகமல்ல. உங்கள் மனைவிக்கோ, மகளுக்கோ, தங்கைக்கோ மயிர் கொட்டினால் அவளைக் குற்றவாளியாக்காமல் கூட அழைத்துப் போங்கள். நோய்க்குக் காரணம் தேடுவது அறிவு. நோயாளியைக் காரணமாக்குவது கொடுமை. இவ்வளவே நாம் சொல்லிக்கொள்வது.