கைடுல இருந்த படமும் கண்ணுல பட்ட படமும்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. சயின்ஸ் ரெக்கார்டுல வெங்காயத் தோல் செல் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. செங்கல் அடுக்கின மாதிரி செல்கள். ஒவ்வொண்ணுக்கும் நட்டநடுவுல ஒரு உட்கரு. சுத்தி அழகா பென்சில் ஷேடிங் வேற.

"மைக்ராஸ்கோப்ல இப்படியா தெரிஞ்சுது?"ன்னு கேட்டேன்.

"இல்ல மாமா, இது கைடுல இருக்கிறது. நான் பார்த்தது வேற"ன்னு ஒரு கசங்கின பேப்பரைக் காட்டினா. அதுல கோணல்மாணலா நாலு செல். உட்கரு சுவரை ஒட்டி ஓரமா இருந்துச்சு. ஒரு செல்லுல உட்கருவே இல்ல.

மேட்டர் என்னன்னா, அந்தக் கசங்கின பேப்பர்தான் சரி. வளர்ந்த வெங்காயச் செல்லோட உள்ளே சாறு நிரம்பின பெரிய வாக்குவோல் ஒண்ணு இருக்கும். அது உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிடும். சாஃப்ரனின் சாயம் சரியா பிடிக்கலைன்னா, உட்கரு கண்ணுக்கே தெரியாமலும் போகலாம்.

அதனால ரெண்டு பேரும் புதுசா வரைய உட்கார்ந்தோம். நாப்பது செல் வேண்டாம், மூணு போதும், ஆனா பெருசா. கூரான பென்சில், ஒரே கோடு. கீறிக் கீறி வரைஞ்சா சுவர் எங்க இருக்குன்னே தெரியாது. ஷேடிங் போட்டா அங்க ஏதோ ஒரு பொருள் இருக்குன்னு அர்த்தம் ஆயிடும், அதனால வேண்டாம். கறுப்பு விளிம்போட அச்சு வட்டமா தெரிஞ்சா அது காத்துக் குமிழி, அதை விட்டுடணும். பெயர் குறிக்கிற கோடு ஸ்கேல் வெச்சுப் போடணும். ஒண்ணை ஒண்ணு வெட்டக் கூடாது, நுனி அந்த பாகத்தைத் தொடணும்.

அவ கீழ "100 மடங்கு"ன்னு எழுதியிருந்தா. மேல 10, கீழ 10 லென்ஸ், பெருக்கினா 100. ஆனா அது கண்ணுக்குத் தெரிஞ்ச அளவு, படத்தோட அளவு இல்ல. செல்லோட நிஜ நீளம் 0.25 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். படத்துல 50 மில்லிமீட்டர் இருந்தா, 50-ஐ 0.25-ஆல வகுக்கணும். 200 மடங்கு.

இவ்ளோ பேசுற நான் யோக்கியமான்னு கேட்டா, இல்ல. இன்ஜினியரிங் லேப்ல முதல்ல கிராஃபைப் போட்டுட்டு, அப்புறம் அதுக்கேத்த ரீடிங் எழுதின ஆளு நான். எல்லாப் புள்ளியும் கோட்டு மேலயே உட்காரும், முழு மார்க். வேலைக்கு வந்த புதுசுல ஒரு பக் வந்துச்சு. லாக்ல என்ன இருந்துச்சுன்னு பார்க்காம, என்ன இருந்திருக்கணுமோ அதைச் சொல்லிட்டேன். மொத்த டீமும் ரெண்டு நாள் தப்பான இடத்துல தேடுச்சு. அன்னிக்குத்தான் அந்த லேப் மார்க் எனக்கு என்ன கத்துக்கொடுத்துச்சுன்னு உறைச்சுது.

கடைசியா அவ கேட்டா: "மார்க் குறைச்சுட்டா என்ன பண்றது மாமா?" எங்கிட்ட பதில் இல்ல. அவளே யோசிச்சு, படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதினா: 'மூன்றாவது செல்லில் உட்கரு தெரியவில்லை.' அப்புறம், "மிஸ் கேட்டா இன்னொரு ஸ்லைடு போட்டுக் காட்டுறேன்"னு சொல்லி நோட்டை மூடிட்டா.

ரெக்கார்ட் இன்னும் திரும்பி வரல. வந்ததும் சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!