அருஞ்சொல் மதிலும் வேர்ச்சொல் வாயிலும்



தாய்மொழியில் கணக்கும் அறிவியலும் பழுதறக் கற்றுத் தேறிய மாணவன் ஒருவன், மேற்படிப்பிற்காக ஆங்கில நாடொன்றிற்குச் செல்ல விழைகின்றான். வாயிலிலேயே அவனை மறித்து நிற்கின்றது ஒரு தேர்வு. 1964-இல் தொடங்கிய ‘டோபல்’ ஒன்று. 1989-இல் தொடங்கிய ‘ஐயெல்ட்சு’ மற்றொன்று. பின்னதன் கல்விப் பிரிவில் படித்தறியும் திறனுக்கென 60 மணித்துளிகள் தரப்படுகின்றன. அதற்குள் 3 நீண்ட உரைப்பகுதிகளைப் படித்து, 40 வினாக்கட்கு விடை எழுதி முடித்தல் வேண்டும்.

உரைப்பகுதியில் சொல்லப்பெறும் பொருள் அவனுக்குப் புதியதன்று. செடிகொடிகள் கதிரொளியால் உணவு சமைக்கும் வகையை அவன் ஏழாண்டுகட்கு முன்பே கற்றவன். ஆயினும் வரிக்கு இருமுறை அறியாத சொல் குறுக்கிட்டுக் கண்ணை மறைக்கின்றது. தேர்வறையை விட்டு வெளிவருங்கால், ‘எனக்கு அறிவு போதாது’ என்னும் தாழ்வெண்ணத்தோடு வெளிவருகின்றான். இத் தாழ்வெண்ணமே கொடிது. சொல்லை அறியாமை வேறு. பொருளை அறியாமை வேறு. இவ் வேறுபாட்டை உணராமையால் வெந்து கருகிய இளநெஞ்சங்கள் பல.

இம் மதிலைக் கண்டு மலைப்போர் முதற்கண் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அம் மதிலின் கற்கள் ஆங்கில மண்ணில் வெட்டியெடுக்கப்பட்டவை அல்ல. கல்வி நூல்களில் வழங்கும் உயர்நிலைச் சொற்களுள் மிகப் பெரும்பாலன இலத்தீனத்தினின்றும் கிரேக்கத்தினின்றும் கடன் கொண்டவை. சில நேரே வந்தன. பல பிரெஞ்சு மொழி வழியாக வந்தன. ஆங்கிலக் குழந்தையும் இவற்றைத் தாய்மடியில் கற்பதில்லை. பள்ளி சென்று, நூல்களைத் துருவியே கற்கின்றது.

இந்நிலை யாங்ஙனம் நேர்ந்தது? பழைய ஆங்கிலத்தில் வானியலுக்கு ‘விண்மீன்கலை’ எனப் பொருள்படும் சொல் இருந்தது. கணக்கியலுக்கு ‘எண்கலை’ எனவும், இலக்கணத்திற்கு ‘எழுத்துக்கலை’ எனவும் பொருள்படும் சொற்கள் இருந்தன. கி.பி. 1000-ஐ ஒட்டி, எல்பிரிக்கு என்னும் துறவி இலத்தீன இலக்கணத்தையே ஆங்கிலத்தில் எழுதினார். இலக்கணக் குறியீடுகள் பலவற்றிற்கு ஆங்கில வேர்களினின்றே சொல்லாக்கிக் காட்டினார். 1066-இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அன்றுதொட்டு அரண்மனையில் பிரெஞ்சு அமர்ந்தது. கோயிலிலும் கல்விக் கழகத்திலும் இலத்தீன் வீற்றிருந்தது. உழவனின் வாய்க்கு மட்டும் ஆங்கிலம் விடப்பட்டது. ஆங்கிலத்தில் வழக்காடல் வேண்டும் என 1362-இல் சட்டம் பிறந்தது. ஆயினும், வழக்கு ஆவணங்களும் ஆங்கிலத்திலேயே அமைதல் வேண்டும் என்னும் சட்டம் 1733-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பெருநூல் இலத்தீனத்தில் எழுதப்பெற்றது. 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலையே அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆளப்பட்ட மொழி அறிவுத்துறையினின்று விலக்கப்பட்டால், மீண்டும் அத்துறைக்குள் நுழையும்போது பிறர் சொற்களைச் சுமந்தே நுழைய நேர்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதை எதிர்த்துக் குரல் எழுப்பிய ஆங்கிலேயரும் இருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில், தேவையின்றி இலத்தீனச் சொற்களைப் பெய்து எழுதியோரின் சொற்களை ‘மைக்கொம்புச் சொற்கள்’ என எள்ளி நகையாடினர். சான் சீக்கு என்பார், ஆங்கிலம் கலப்பின்றித் தூயதாக எழுதப்படல் வேண்டும் என்றும், கடன் வாங்கிக்கொண்டே திருப்பித் தாராத மொழி ஒருநாள் முறிந்துபோகும் என்றும் 1557-இல் தம் நண்பர்க்கு மடல் வரைந்தார். அவர் யார்? கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் அரசர் நிறுவிய கிரேக்கப் பேராசிரியர் பதவியை முதன்முதல் ஏற்றவர். கிரேக்கம் அறியாமையால் அவர் கிரேக்கச் சொல்லை விலக்கினாரல்லர். நன்கு அறிந்தமையாலேயே விலக்கினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, ‘நூற்றுவர் தலைவன்’, ‘மீண்டெழுதல்’ என்றாற்போல ஆங்கில வேரிலேயே சொற்களைப் படைத்தார். வடமொழியும் ஆங்கிலமும் வல்ல மறைமலையடிகளே 1916-இல் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தினார் என்பதை எண்ணுவார்க்குச் சீக்கின் உள்ளம் நன்கு விளங்கும். பின்னர், 1573-இல் இரால்பு லீவர் அளவையியல் முழுவதையும் ஆங்கில வேர்ச்சொற்களால் எழுத முயன்றார். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்சு என்னும் பாவலர், 1878-இல் வெளியிட்ட நூலில் இலக்கணத்தைப் ‘பேச்சுக்கலை’ எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லாற் குறித்தார். அவர்கள் முயற்சி வெல்லவில்லை.

வெல்லாமையால் விளைந்தது என்ன? 1604-இல் இராபர்ட்டு காடிரே என்பவர் ஓர் அகரமுதலி வெளியிட்டார். ஆங்கிலச் சொற்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகரமுதலியாக அது கொள்ளப்பெறுகின்றது. அதில் இடம்பெற்றவை ஏறத்தாழ 2,500 சொற்கள். அவை மரம், மழை, வீடு போலும் சொற்களா? அல்ல, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு முதலியவற்றினின்று புகுந்த அருஞ்சொற்கள். கல்விவாய்ப்பு மறுக்கப்பட்ட பெண்டிர்க்கும் பிறர்க்கும் அவர்தம் தாய்மொழியையே விளக்குதற்கு ஒரு நூல் தேவைப்பட்டது! 

‘கடன் வாங்கியன்றோ ஆங்கிலம் செழித்தது?’ என வினவுவார் உளர். சொற்றொகை பெருகியது உண்மையே. ஆனால் அதற்கு வட்டி கட்டுவோர் யாவர்? கண்ணைக் குறிக்கும் ‘ஐ’ என்னும் சொல்லை அறிந்த ஆங்கிலக் குழந்தை, கண்மருத்துவத்தைக் குறிக்கும் ‘ஆப்தல்மாலசி’ என்னும் சொல்லைக் கண்டு ஒன்றும் உணர்வதற்கில்லை. தமிழ்க் குழந்தையோ ‘கண்மருத்துவம்’ என்பதைக் கேட்ட அளவிலேயே உணர்கின்றது. செருமானியக் குழந்தைக்கும் அப்படியே. அங்குக் கண்மருத்துவர்க்கும் பல்மருத்துவர்க்கும் கண், பல் என்னும் வீட்டுச் சொற்களே அடியாய் நிற்கின்றன. கிரேக்க இலத்தீனச் சொற்கள் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு ஒரு தடைக்கட்டையாக நிற்பதைத் தேவிடு கோர்சன் என்னும் ஆய்வாளர் 1985-இல் தனி நூலாகவே எழுதி விளக்கினார். ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே இந்நிலை எனின், தமிழ் மாணவன் தயங்குவதில் நாணுதற்கு என்ன இருக்கின்றது?

இனி, மதிலைக் கடக்கும் வழியைக் காண்போர்க்குச் சில கூறல் வேண்டும்.

முதலாவது, கற்கும் சொற்களைத் தேர்ந்து கற்றல். அகரமுதலியை முதலெழுத்திலிருந்து உருப்போடுதல் கடலை அகப்பையால் இறைப்பதை ஒக்கும். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்சுகெடு என்னும் அறிஞர், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளில் 28 பாடங்களைச் சார்ந்த, ஏறத்தாழ 35 இலக்கம் சொற்கள் கொண்ட கல்வி உரைகளை ஆராய்ந்து, 2000-இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். எளிய வழக்குச் சொற்கள் 2,000-ஐ நீக்கி, எல்லாத் துறைகளிலும் பயின்று வரும் 570 சொற்குடும்பங்களை அதில் தொகுத்தார். கல்வி உரைகளில் நூற்றுக்குப் பத்துச் சொற்கள் இக் குடும்பங்களைச் சார்ந்தவை. 570 என்பது அஞ்சத்தக்க எண்ணன்று. நாளைக்கு 5 எனக் கற்பினும் நான்கு திங்களில் முடியும். இவற்றை விடுத்து, எங்கோ ஒருமுறை வரும் அருஞ்சொல்லைத் தேடி அலைதல் வீண். ‘சி.ஆர்.இ.’ தேர்வில் தனிச்சொற்கு எதிர்ச்சொல் கேட்கும் வழக்கமும் 2011-இல் நீக்கப்பட்டுவிட்டது. சொற்றொடரில் வைத்துப் பொருள் காணும் திறனே இன்று அளக்கப்படுகின்றது.

இரண்டாவது, வேரறிந்து கற்றல். ‘பெரிமீட்டர்’ என்பதில் ‘பெரி’ சுற்று, ‘மீட்டர்’ அளவு. தமிழில் ‘சுற்றளவு’. ‘போட்டோசிந்தெசிசு’ என்பதில் முன்னது ஒளி. பின்னது சேர்த்து வைத்தல். தமிழில் ‘ஒளிச்சேர்க்கை’. ‘இன்பர்’ என்பதன் இலத்தீன வேர் ‘கொண்டு செல்லுதல்’ எனப் பொருள்படும், தமிழில் ‘உய்த்துணர்தல்’. உய்த்தல் என்பதும் கொண்டு செலுத்துதலே. நன்னூல் எண்ணும் 32 உத்திகளுள் உய்த்துணர வைப்பும் ஒன்றன்றோ! ‘கான்டெக்சுட்டு’ என்பதில் ‘கான்’ என்பது உடன், ‘டெக்சுட்டு’ என்பது நெய்தல். சொற்களை இழைகளாகக் கண்டது அவர்தம் கண் மட்டுமன்று. பஞ்சினின்று நூற்கப்படும் நூலையே உவமையாக்கி ‘நூல்’ என்னும் பெயர்க்குப் பொருள் சொன்னவர் பவணந்தியார். இங்ஙனம் தமிழ்ச் சொல்லை நன்கறிந்தவனுக்கு அயற்சொல்லின் உள்ளுறுப்பும் தானே விளங்கும். தமிழ்வழிக் கல்வி ஆங்கிலத்திற்குப் பகை என்பாரின் கூற்று இங்கே தூள்தூளாகின்றது.

முன்னொட்டுகள் வடிவம் மாறுதலைக் கண்டு மருள வேண்டுவதில்லை. இன்மை காட்டும் ‘இன்’ என்பது ‘இம்பாசிபிள்’ என்பதில் ‘இம்’ ஆகும். ‘இல்லீகல்’ என்பதில் ‘இல்’ ஆகும். ‘இர்ரெகுலர்’ என்பதில் ‘இர்’ ஆகும். செம்மை என்பது தமிழின் முன் ‘செந்தமிழ்’ எனவும், கோலின் முன் ‘செங்கோல்’ எனவும் திரிவதைப் படித்தவனுக்கு இது புதுமையா? புணர்ச்சி இலக்கணம் வெறுஞ்சுமை என இகழ்ந்தோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஆயினும் வேர் ஒன்றையே நம்பிப் பொருள் முடிவு செய்தல் தவறு. ‘மேனுபேக்சர்’ என்னும் சொல் வேரளவில் கையால் செய்தலைக் குறிக்கும். இன்று பொறியால் செய்தலையே பெரிதும் குறிக்கின்றது. எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’ கடலை எண்ணெயையும் குறிக்க வந்தமை போல்வது இது. வேர் வழிகாட்டும், சொற்றொடரே முடிவு சொல்லும்.

மூன்றாவது, சொல்லின் வலிமையை எடைபோட்டுக் கற்றல். ‘புரூவ்’ என்பது நிறுவுதல். ‘சசெசுட்டு’ என்பது குறிப்பாற் காட்டுதல். ‘அசூம்’ என்பது சான்றின்றி மெய்யெனக் கொள்ளுதல். மூன்றையும் ஒன்றெனக் கொள்வோன் தேர்வில் தவறுவான். ஓர் ஆய்வு குறிப்பாற் காட்டியதாக உரைப்பகுதி சொல்லும். அவ்வாய்வு நிறுவிவிட்டதாக வினா மயக்கும். ‘உண்மை, பொய், கூறப்படவில்லை’ என மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரியுமாறு கேட்கும் வினாக்களில் வழுக்கி வீழ்வோர், சொல்லறியாமல் வீழ்வதினும் சொல்லின் அளவறியாமல் வீழ்வதே மிகுதி.

நான்காவது, இடைவெளி விட்டு மீளப் பயிலல். கற்றது விரைவில் மறக்கும் என்பதையும், இடையிடையே மீளக் கற்பின் நிலைக்கும் என்பதையும் எபிங்கவுசு என்னும் செருமானிய அறிஞர் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி 1885-இல் காட்டினார். ஒரே இரவில் நூறு சொற்களை விழுங்குவோன் ஒரு கிழமையில் அவற்றுட் பெரும்பாலனவற்றை இழப்பான். கற்ற சொல்லை மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த கிழமையும், அடுத்த திங்களும் எடுத்துப் பார்ப்பவனுக்கே அது உடைமையாகும்.

ஐந்தாவதும் தலையாயதுமானது, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ச்சொல்லை எழுதிக் கற்றல். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிவிட்டுப் பொருள் கண்டதாக எண்ணுதல் தன்னைத்தானே ஏய்த்தலாகும். ‘ஐப்பாதெசிசு’ என்பதற்கு எதிரே ‘கருதுகோள்’ என எழுதுவோன் இரு மொழியிலும் ஒருசேர வளர்கின்றான். ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்க வேண்டும்; தமிழைத் தமிழாகப் போற்ற வேண்டும். இரண்டையும் கலந்து பிசைந்து பேசுவோன் இரண்டினும் முழுமை எய்தான். தேர்வில் அக் கலவை பயன்படாது; வீட்டிலும் அது விளைவது கேடே.

மாணவர்களே! கடல் கடந்து செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பொருள் தேடிச் சென்றோர் வெறுங்கையோடு மீளாமை போல, அறிவு தேடிச் செல்வோரும் வெறுங்கையோடு மீளலாகாது. தேர்வுக்கென எழுதிய சொற்குறிப்பேட்டைத் தேர்வு முடிந்த அன்றே எறிந்துவிடாதீர்கள். அதன் இடப்பக்கத்து ஆங்கிலச் சொற்கள் உங்களை மதிலுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும். வலப்பக்கத்துத் தமிழ்ச் சொற்களோ, பின்னால் வரும் தம்பி தங்கையர் தம் தாய்மொழியிலேயே அத்துறையைக் கற்க வாயிலாகும். கற்றுவந்த துறையில் ஒரு நூலேனும் தமிழில் எழுதித் தருவது ஒவ்வொருவர்க்கும் கடன். ஆங்கிலேயர் தம் மக்களுக்கே ஒரு மதிலை எழுப்பிவிட்டு, அதைத் தாண்டுதற்கு அகரமுதலி எழுதினர். அத்தகைய மதில் ஒன்று தமிழுக்குள்ளும் எழாதிருக்கச் செய்தல் கற்றோர் கையில் உள்ளது.

ஆங்கிலம் கற்க! ஆழ்ந்து கற்க! தமிழில் நின்று கற்க!