நிலையும் செயலும்

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.' நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. காப்பார் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் கேட்கிறோம். கிள்ளான் பட்டணத்து அலுவலகங்களிலும் கேட்கிறோம். இந்தியாவிலும் இதே பேச்சுதான். பம்பாய்க் கவிஞர் நிசிம் எசக்கியேல் இவ்வகை ஆங்கிலத்தை வைத்தே நகைச்சுவைக் கவிதைகள் எழுதினார்.

இது எங்கிருந்து வருகிறது? 'தினமும் வருகிறேன்' என்றாலும் 'இதோ வருகிறேன்' என்றாலும் தமிழில் வினை ஒன்றே. ஆங்கிலத்துக்கு இரண்டு உருவம் வேண்டும். குழம்பிய பிள்ளை, 'இங்' சேர்த்தால் போதும் என்று எண்ணிவிடுகிறது. அதோடு, 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். அது 'ஐ ஆம் பிலீவிங்' ஆகிவிடுகிறது. ஆனால் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. 'தெரியும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆங்கிலத்தின் 'நோ' என்ற சொல்லும் அப்படித்தான்.

ஓடுவது, வெட்டுவது, எழுதுவது செயல்கள். தெரிவது, உடைமையாக இருப்பது, பிடிப்பது நிலைகள். ஐயம் வந்தால் 'நிறுத்து' என்று சொல்லிப் பாருங்கள். ஓடுகிறவனை நிறுத்தலாம்; தெரிந்திருப்பவனை எப்படி நிறுத்துவது? (மழைக்கு இந்தச் சோதனை உதவாது. மழை யார் சொல்லி நிற்கும்?)

ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதுண்டு. அம்மா குழம்பை ருசி பார்க்கிறார் என்றால் 'இஸ் டேஸ்டிங்'. குழம்பு உப்புக்கரிக்கிறது என்றால் 'டேஸ்ட்ஸ்'. மதியம் சாப்பிடும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பது முற்றிலும் சரி. ஆனால் ஒரு தாய் 'ஐ ஆம் ஹேவிங் ஃபோர் சில்ட்ரன்' என்றால், ஆங்கிலேயர் காதில் நான்கு பிள்ளை பெறப்போகிறார் என்றல்லவா விழும்!

மெக்டொனால்ட்ஸ் கடை 2003 முதல் 'ஐ ஆம் லவ்விங் இட்' என்கிறதே என்று மாணவர்கள் மடக்குவார்கள். நல்ல கேள்விதான். இந்தக் கணத்தின் இன்பத்தைச் சொல்ல ஆங்கிலேயரும் அப்படிப் பேசுவதுண்டு. தேர்வுத் தாளில் மட்டும் 'லவ்' என்றே எழுதுங்கள்.

ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை வேலை நேர்முகத்தில் 'ஐ ஆம் நோயிங் டைப்பிங்' என்கிறது. தட்டச்சு அதற்கு நன்றாகத் தெரியும்; ஆனால் கேட்பவர் மனத்தில் மதிப்பு ஒரு படி இறங்கிவிடுகிறது. ஆகவே ஆசிரியர்களே, வகுப்பில் இப்பிழையைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சிரித்தால் பிள்ளை மறுநாள் வாயே திறக்காது. சரியான வாக்கியத்தை நாமே ஒருமுறை இயல்பாகச் சொல்லிவிட்டு, அதே பிள்ளையிடம் அடுத்த கேள்வியைக் கேட்போம்.