வேருக்குக் காற்று வேண்டும்



வெசாக் பௌர்ணமி நெருங்கும் நாட்களில், தெருவெல்லாம் வெசாக் கூடுகள் தொங்கும் காலத்தில், நம் நாட்டு ஓர்க்கிட் ஒன்று பூக்கிறது. அதனாலேயே மக்கள் அதை வெசாக் மலர் என்கிறார்கள். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது தானாக வளர்வதில்லை. வெளிநாட்டுக் கலப்பின ஓர்க்கிட்டுகள் நம் வீட்டு வாசல்களில் நிறைய உண்டு. இந்த மண்ணுக்கே உரிய வெசாக் மலரைத்தான் காண்பது அரிது. அந்தக் குறையை நாம் தீர்க்கலாம் என்பதால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறேன்.

இதன் தாவரவியல் பெயர் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே. 1849ஆம் ஆண்டு பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஜோர்ஜ் துவைற்ஸ் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. 1855இல் இது அச்சேறியது. அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்து பின்னர் ஆளுநரான சார்ல்ஸ் மக்கார்த்தியின் மனைவியைச் சிறப்பிக்கவே அந்தப் பெயரை இட்டார்.

செடி பார்வைக்கு எளிமையானது. மெல்லிய தண்டுகள் மரக்கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். பூ இளஞ்சிவப்பு கலந்த ஊதா. உதட்டிதழின் நடுவே அடர்ந்த ஊதாத் திட்டு ஒன்று. மலர்ந்த பூ சீக்கிரம் வாடாது. பூவில்லாத காலத்தில் இதைக் கடந்து போகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பூத்த நாளில் அந்தக் கிளையை விட்டு அகல மனம் வராது.

இதன் பிறந்த வீடு சிங்கராஜ, கன்னெலிய போன்ற தாழ்நில மழைக்காடுகள். நாம் வாழும் கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அவற்றைவிடச் சற்றுக் குளிரானது. ஆனாலும் நமது மழையும் ஈரக்காற்றும் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். தை, மாசியில் மட்டும் கவனம் தேவை. அப்போது பகல் வறண்டிருக்கும், இரவில் குளிரும். செடியைச் சுவரோரமாக, குளிர்காற்று நேரே அடிக்காத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். வீடுகளில் ஓர்க்கிட் பட்டுப்போவது பெரும்பாலும் கவனிப்புக் குறைவால் அல்ல. பூச்சட்டியில் மண்ணை நிரப்பி, செடியை நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம். வேர் மூச்சுமுட்டி அழுகிவிடுகிறது. இது மண்ணில் வாழும் செடியே அல்ல. மரத்தில் ஒட்டி வளர்ந்தாலும் குருவிச்சையைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆகவே உங்கள் மாமரத்துக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சவேண்டாம். ஓர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெண்ணிறமான, மிருதுவான உறையொன்று இருக்கிறது. மழை பட்டதும் அந்த உறை நீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். பிறகு காற்றில் உலர்ந்து மறுபடி வெளுக்கும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் வேர் உயிரோடு இருக்கும். வேர் வெளுத்திருந்தால் தண்ணீர் கொடுங்கள். பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஆகவே மண் வேண்டாம். பலா மரத்துண்டு ஒன்றில் கொஞ்சம் தும்பு வைத்துச் செடியைக் கட்டித் தொங்கவிடலாம். சட்டிதான் வேண்டுமென்றால், பக்கமெல்லாம் துளையுள்ள மண்சட்டியில் விறகுக் கரியும் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் போடுங்கள். பொச்சுத் துண்டு சேர்த்தால் மிகக் குறைவாகவே சேருங்கள். அது நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும். காலை வெயில் நல்லது. உச்சி வெயில் இலையைப் பொசுக்கும். மர நிழலோ நிழல் வலையோ போதும். மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். உரத்தைப் பொதியில் சொன்னதைவிட நன்றாக ஐதாக்கி, புதுத்தண்டு வளரும் காலத்தில் மட்டும் கொடுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்த குச்சியென்று வெட்டிவிடவேண்டாம். செடியின் நீரும் உணவும் அதில்தான் சேமிப்பாக இருக்கின்றன.

செடியை எங்கே பெறுவது? காட்டிலிருந்து ஒருபோதும் அல்ல. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட செடி இது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், காட்டில் ஒரு செடி போனால் அந்த இடத்தில் இன்னொன்று எளிதில் முளைப்பதில்லை. ஓர்க்கிட் விதையில் முளைக்கான உணவே கிடையாது. குறிப்பிட்ட ஒரு பூஞ்சணத்தின் துணை கிடைத்தால்தான் அது முளைக்கும். ஒரு காயில் கணக்கற்ற விதைகள் இருந்தும், செடியாவது மிகச் சிலவே. 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிஞர், சீனி கலந்த ஊடகத்தில் பூஞ்சணம் இல்லாமலே ஓர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாமென்று காட்டினார். ஆய்வுகூடக் குப்பிகளில் நாற்று வளர்க்கும் முறை அதிலிருந்து பிறந்தது. காட்டைத் தொடாமல் இந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டுவர வழிசெய்வதும் அதுதான்.

அடுத்த முறை பேராதனைப் பூங்காவுக்குப் போனால் ஓர்க்கிட் மனையில் சற்று நின்று, வேர்களைப் பாருங்கள். பிறகு நாற்றுமேடைக்காரரிடம், இது குப்பியில் வளர்த்த நாற்றா என்று கேட்டு வாங்குங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தச் செடியை வாங்கவேண்டாம். நாற்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை புதுத்தண்டும் புதுவேரும் வருகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.