ஐ.சி.யும் அதன் இருக்கையும்



பழைய ரேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அதன் வால்வுகள் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிரா. சாக்கெட் என்னும் இருக்கைகளில் செருகப்பட்டிருக்கும். 1935-இல் வந்த எட்டு முள் 'ஆக்டல்' வகையும் அத்தகையதே. வால்வின் உள்ளிழை என்றேனும் அறுந்துபோகும். ஆகவே கழற்றி மாற்ற வழி வைத்தனர். ஐ.சி. அவ்வாறு எளிதில் அற்றுப்போவதன்று. அதற்கு எதற்குச் சாக்கெட் என்று நீங்கள் வினவலாம்.

கற்பவரின் கைக்காகவே அது வேண்டும். ஆம்பூர் மாணவர் ஒருவர் எல்.எம். 386 என்னும் ஐ.சி.யைக் கொண்டு சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று அமைத்தார். ஐ.சி.யைத் திசைமாற்றிப் பற்றவைத்துவிட்டார். எட்டுக் கால்களின் ஈயத்தையும் உருக்கி அதை எடுப்பதற்குள் பலகையின் செப்புத் தடம் உரிந்துவிட்டது. ஐ.சி. மலிவு, பலகையில் அவர் இட்ட உழைப்போ ஒரு வாரத்தது.

சாக்கெட்டின் ஒரு முனையில் சிறு பள்ளம் இருக்கும். அதைப் பலகையில் வரைந்துள்ள பள்ளக் குறியோடு பொருத்துங்கள். மேலிருந்து நோக்கினால் பள்ளத்துக்கு இடப்புறம் முதற்கால். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணுக. பலகையைக் கவிழ்த்தால் இவ்வரிசை கண்ணாடியில் கண்டதுபோல் மாறிவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான். முதலில் மூலைக்கு மூலையாக இரு கால்களை மட்டும் பற்றவையுங்கள். சாக்கெட் ஒருபுறம் தூக்கி நின்றால், அதை விரலால் அழுத்திக்கொண்டு அம்மூலை ஈயத்தை மீண்டும் உருக்கினால் சமமாக அமர்ந்துவிடும். எட்டையும் முடித்தபின் திருத்துவது எளிதன்று.

நம் வட்டாரத்துக்கென ஒரு செய்தி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோலின் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பர். அதில் அமிலம் கலந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எழும். வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்வது அவ்வாயு. மலிவான தகட்டுச் சாக்கெட்டில் மேற்பூச்சுத் தேய்ந்து செம்பு வெளிப்பட்டால், நாளடைவில் தொடுமுனை கெட்டு ஒலி கரகரக்கும். தொழிற்சாலைக்கு அருகில் வசிப்போர், விலை சற்றுக் கூடினாலும், பொன்முலாம் பூசிய வட்டத் துளைச் சாக்கெட்டையே வாங்குவது நன்று. பொன் அவ்வாயுவுக்குக் கறுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் சாக்கெட் வேண்டுமென்பதில்லை. மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்கிச் சூடேறும் டி.டி.ஏ. 2030 போன்றவற்றை நேரே பற்றவைத்து, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டோடு திருகிவிடுவதே முறை.

ஐ.சி.யைக் கடைசியாகச் செருகுங்கள். அதற்கு முன், வெறும் சாக்கெட்டின் நான்காம் ஆறாம் துளைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரியின் 9 வோல்ட் காட்டவேண்டும்; ஆறாவதே நேர்முனை. பேட்டரியைக் கழற்றுங்கள். புதிய ஐ.சி.யின் கால்கள் சற்று அகன்றிருக்கும். மேசைமேல் பக்கவாட்டில் சாய்த்து மெல்ல அழுத்தினால் நேராகும். இரு முனையும் ஒருங்கே இறங்கும்படி செருகி, எந்தக் காலாவது அடியில் மடங்கியுள்ளதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, மூன்றாம் காலுக்குச் செல்லும் உள்ளீட்டுக் கம்பியை விரலால் தொட்டால் ஸ்பீக்கரில் உர்ரென்ற ஓசை பெரும்பாலும் கேட்கும்.